முன்னைய சமயம் என்ற கட்டம்: ஒரு தோட்டத்துச் சபைக்கு வந்த கடிதம்

கடிதம் தபாலில் வரவில்லை. ஒரு வியாழக்கிழமை பின்னேரம், கொழுந்து நிறுக்கும் மடுவத்தருகே வைத்து, கிராம உத்தியோகத்தர் அதைப் போதகரின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். முழுக்கச் சிங்களம். போதகருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. கொழும்பில் ஐந்து வருடம் துணிக்கடையில் நின்றுவிட்டு வந்திருந்த ஒரு பையனைக் கூப்பிட்டு, லயம் என்ற தொழிலாளர் வரிசைவீட்டின் இஸ்தோப்பில், அதாவது திண்ணையில், உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார்கள். அவன் வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, போதகரின் மனைவி அதை ஒரு சீ.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். இந்த விஷயத்தில் என் கைக்கு வந்த முதல் ஆவணம் அந்தக் கடைசிப் பக்கம்தான்.

அதில் ஐந்து விஷயங்கள் இருந்தன. சபையின் பதிவுச் சான்றிதழைக் கொண்டுவர வேண்டும். அங்கத்தவர் எல்லாருடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், முன்னைய சமயம், மாறிய திகதி ஆகியவற்றைப் பட்டியலாகத் தர வேண்டும். கடந்த மூன்று வருடக் கூட்டக் குறிப்புகளையும் கணக்கையும் காட்ட வேண்டும். கிராம உத்தியோகத்தர் முன்னிலையில் புதிய நிர்வாகக் குழுவைத் தெரிவுசெய்ய வேண்டும். இவை முடியும்வரை ஒன்றுகூடல்களை நிறுத்திவைக்க வேண்டும். பிரதேச செயலாளருக்காக என்று போட்டு ஒரு உத்தியோகத்தர் ஒப்பமிட்டிருந்தார். எந்தச் சட்டத்தின் கீழ் இதைக் கேட்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

நான் சட்டத்தரணி இல்லை. அட்டன் பக்கத்தில் பல வருடங்களாக மனுவும் முறைப்பாடும் எழுதிக்கொடுத்து வருகிறவன். பிறப்புப் பதிவு, சேமலாப நிதி, காணி, பென்ஷன் என்று வருகிறவர்கள்தான் அதிகம். மதம் சம்பந்தப்பட்ட கடிதத்தோடு யாரும் வந்தால் இதற்கு முன் ஒரு நல்ல வக்கீலின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவேன். இந்த முறை அப்படி அனுப்ப முடியாமல் போனது ஏன் என்பதையும், அதில் நான் விட்ட பிழையையும், பிறகு கற்றுக்கொண்ட சட்டத்தையும் இங்கே எழுதுகிறேன். தோட்டத்தின் பெயர், ஆட்களின் பெயர், செயலகத்தின் பெயர் எதையும் எழுதவில்லை. சபை மக்கள் இன்னும் அந்த லயத்தில்தான் குடியிருக்கிறார்கள்.

சபையும் சண்டையும்

சபை கூடுவது பழைய பிள்ளைக்காம்பராவில், அதாவது வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட கட்டடத்தில். தோட்டத்துக்குப் புதுப் பிள்ளைக்காம்பரா கட்டியபின் பழையது பூட்டிக் கிடந்தது. அன்றைக்குத் தோட்ட முகாமையாளராக இருந்த பெரிய துரை, “சும்மா கிடக்கிறதுக்கு நீங்களாவது கூட்டித் துப்புரவாக வச்சிருங்க” என்று திறப்பைக் கொடுத்தார். அந்த ஒரு வாய்வார்த்தைதான் அனுமதி. துரை மாறிப் போனார், அவருக்குப் பின் இன்னும் மூன்று பேர் வந்து போனார்கள், வார்த்தை மட்டும் அப்படியே நின்றது. மலையகத்தில் வழிபாட்டு இடங்களில் பாதியின் கதை இதுதான். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டக்காணி அரசின் கைக்குப் போனது. 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் நிர்வகிக்கின்றன. அதில் வேலை செய்கிறவனுக்கு வீட்டுக்கே பெரும்பாலும் பத்திரம் கிடையாது என்னும்போது, கோயிலுக்கோ சபைக்கோ எங்கிருந்து வரும்?

டிக்கோயாவில் வார்லி கிறிஸ்து ஆலயத்தின் கல்லறைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், துரைமார் தமக்கென்று கட்டிக்கொண்ட ஆலயங்கள் கல்லால் ஆனவை. 1878இல் கட்டியது இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது. தொழிலாளியின் சபை தகரத்தாலானது. இந்தச் சபையில் சண்டை தொடங்கியதும் தகரத்தில்தான்.

கூரை ஒழுகியது. சவூதியிலும் குவைத்திலும் வீட்டுவேலைக்குப் போயிருக்கும் பெண்கள் காசு அனுப்பினார்கள். தகரம் வந்தது, ஆனால் அனுப்பிய காசுக்கும் வந்த தகரத்துக்கும் கணக்குப் பொருந்தவில்லை என்றார் பொருளாளர். போதகர், “கர்த்தருடைய காரியத்துக்குக் கணக்குக் கேக்கிறீங்களா?” என்று பிரசங்கத்திலேயே கேட்டுவிட்டார். பொருளாளர் கேட்டது நியாயமான கேள்வி. எட்டாயிரம், பத்தாயிரம் என்று வெயிலில் உழைத்து அனுப்பிய பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியது போதகரின் கடமை. நான் அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

பதில் கிடைக்காத பொருளாளர், பதினொரு குடும்பத்தின் கையெழுத்தோடு பிரதேச செயலகத்துக்கு எழுதினார். சபையில் கணக்கு இல்லை, தெரிவு இல்லை, தயவுசெய்து தலையிடுங்கள் என்று. கதவைத் திறந்துவிட்டது உள்ளே இருந்தவர்தான். அவர் எதிர்பார்த்தது போதகரைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை கேட்பார்கள் என்பதை மட்டும். “முன்னைய சமயம்” என்ற கட்டத்தை அவர் கேட்கவே இல்லை. கடிதத்தை நான் அவரிடம் வாசித்துக் காட்டியபோது நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எம்பேரும் அதுல வருமே சேர்” என்றார்.

பட்டியல் எழுதிய இரவு

முதல் பிழை என்னுடையது. கேட்டதைக் கொடுத்துவிட்டால் அதிகாரியின் கோபம் தணியும், கூட்டம் நடக்கும் என்று நினைத்தேன். தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இது இரத்தத்தில் ஊறிய பழக்கம்: ஆபீசில் கேட்டால் கொடுத்துவிடு. அப்படித்தான் சொல்லி அனுப்பினேன்.

ஞாயிறு இரவு பிள்ளைக்காம்பராவில் மேசை போட்டு, அடிமட்டம் வைத்துக் கொப்பியில் கோடு கிழித்தார்கள். நானும் போயிருந்தேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், முன்னைய சமயம், மாறிய திகதி. நான்கு கட்டம். முதல் ஏழெட்டுப் பேர் வரைக்கும் பேனை தடையில்லாமல் ஓடியது. ஒன்பதாவதாக வந்தவர் அறுபது தாண்டிய ஒரு அம்மா, கொழுந்தெடுத்து ஓய்வுபெற்றவர். பெயர் சொன்னார், அட்டையை நீட்டினார். மூன்றாவது கட்டத்தில் பேனை நின்றது.

“எங்கம்மா மாரியம்மனுக்குத் தீ மிதிச்சவ தம்பி. நான் இங்க ஜெபத்துக்கு வாறேன். திருவிழாவுக்கு இன்னும் மாவிளக்கு மாவு இடிச்சுக் குடுக்கிறேன். எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?”

யாரும் சிரிக்கவில்லை. அடுத்ததாக நின்ற இளைஞன், “மாறுன திகதி எனக்கும் தெரியாது. ஒரு நாள்ல மாறுற விஷயமா அது?” என்றான். அதற்கு மேல் யாரும் எழுதவில்லை. கொப்பியை நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த அம்மா கேட்டது வெறும் வாய்ப்பேச்சு இல்லை என்பது வீட்டுக்கு வந்து அரசியலமைப்பைப் புரட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. 10ஆவது உறுப்புரை, ஒவ்வொரு ஆளுக்கும் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம் உண்டு என்கிறது. தான் விரும்பும் மதத்தை உடையவராக இருக்கவும் மேற்கொள்ளவும் உள்ள சுதந்திரம் அதில் அடங்கும் என்கிறது. மற்ற உரிமைகள் பலவற்றுக்கு மட்டுப்பாடு வைக்கும் 15ஆவது உறுப்புரை இந்த 10ஐத் தொடுவதே இல்லை. தேசியப் பாதுகாப்பு என்றோ பொது ஒழுங்கு என்றோ சொல்லி இதைக் குறைக்க வழி வைக்கப்படவில்லை. மாற்றுவதானால் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் மக்கள் தீர்ப்பும் வேண்டும் என்று 83ஆவது உறுப்புரை பூட்டுப் போட்டிருக்கிறது. அந்தப் பூட்டை ஒரு உத்தியோகத்தர் நான்கு கட்டம் போட்டுத் திறக்கப் பார்த்தார்.

2004இல் கேட்டு மறுக்கப்பட்டது

இந்தப் பட்டியல் புதிய யோசனையும் அல்ல. 2004இல், பிக்குமார் முன்னின்ற ஜாதிக ஹெல உறுமய என்ற கட்சியின் சார்பில் பலவந்த மதமாற்றத் தடைச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. அதன் 3ஆவது வாசகம், மதம் மாறியவரும் மாற்றுவதில் பங்கெடுத்தவரும் அந்தப் பகுதியின் பிரதேச செயலாளருக்கு அறிவிக்க வேண்டும் என்றது. 4(ஆ) வாசகம், அறிவிக்காதவருக்குத் தண்டனை என்றது. 20க்கும் மேற்பட்ட மனுக்கள், நாட்டின் உச்ச மன்றமான உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அந்த இரண்டு வாசகங்களும் 10ஆவது உறுப்புரைக்கு முரணானவை, மக்கள் தீர்ப்பு இல்லாமல் சட்டமாக முடியாது என்று நீதிமன்றம் தீர்மானித்தது. சட்டமூலம் சட்டமாகவில்லை.

அறிவிக்க வேண்டியது யாருக்கு? பிரதேச செயலாளருக்கு. என்ன அறிவிக்க வேண்டும்? மாறியதை. எங்கள் கொப்பியின் மூன்றாவது, நான்காவது கட்டங்கள் அதையேதான் கேட்டன. பாராளுமன்றத்தாலேயே சாதாரண பெரும்பான்மையில் செய்ய முடியாது என்று அந்த உயர் நீதிமன்றம் சொன்ன ஒன்றை, பல வருடங்களுக்குப் பின் ஒரு மலைத்தோட்டத்தில் ஒரு பக்கக் கடிதம் கேட்டது. இதை அறிந்த பிறகு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். மலையகத்தில் மதமாற்றத்தைப் பற்றிய கசப்பு வெறும் கற்பனை அல்ல. அரிசிப் பையோடு வந்து, மாரியம்மனைப் பேய் என்று சொல்லிவிட்டுப் போன கூட்டங்களை நானே பார்த்திருக்கிறேன். கோயில் தலைவர்களுக்கு அதில் உண்டான காயம் உண்மையானது. ஏமாற்றியும் மிரட்டியும் ஒருவரை மாற்றுவது மனச்சாட்சிக்குச் செய்யும் துரோகம். ஆனால் அந்தக் காயத்துக்கு மருந்தாக, கொழுந்தெடுக்கும் அம்மாவின் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று ஆபீசில் பதிவேடு வைக்க முடியாது.

சுற்றறிக்கை சட்டமாகுமா

கடிதம் எந்த அதிகாரத்தில் எழுதப்பட்டது என்பதை அறிய, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போட்டோம். நான் எழுதிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்தக் கடிதத்தை அனுப்ப அதிகாரமளிக்கும் சட்ட ஏற்பாடு எது? 14 வேலை நாளுக்குள் தகவல் அலுவலர் முடிவைச் சொல்ல வேண்டும். சொன்னார். மத விவகார அமைச்சின் 2008 ஒக்டோபர் 16ஆம் திகதிய சுற்றறிக்கை என்று பதில் வந்தது.

அந்தச் சுற்றறிக்கை புதிய வழிபாட்டிடங்கள் கட்டுவதற்கு அமைச்சின் முன்னனுமதி வேண்டும் என்பதைப் பற்றியது. சிறு சபைகளை மூடச் சொல்லும்போதெல்லாம் நாடு முழுவதும் இதைத்தான் நீட்டுகிறார்கள். எங்கள் சபை எதையும் புதிதாகக் கட்டவில்லை, பழைய கூரைக்குத் தகரம் போட்டது. அங்கத்தவர் பட்டியலும் நிர்வாகக் குழுத் தெரிவும் கட்டட அனுமதியோடு எந்த வகையில் ஒட்டும்?

அதைவிடப் பெரிய கேள்வி அடியில் இருக்கிறது. தனியாகவோ மற்றவர்களோடு சேர்ந்தோ, பகிரங்கமாகவோ அந்தரங்கமாகவோ வழிபடவும் அனுசரிக்கவும் போதிக்கவும் 14(1)(உ) உறுப்புரை உரிமை தருகிறது. இந்த உரிமையை மட்டுப்படுத்தலாம்தான். ஆனால் 15(7)இன்படி அது சட்டத்தால் விதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அந்தப் பந்தியில் சட்டம் என்பது பொதுமக்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளையும் உள்ளடக்கும் என்று தனியாக எழுதிவைத்திருக்கிறார்கள். அதாவது பாராளுமன்றம் இயற்றாத எதுவெது சட்டமாகக் கணக்கில் எடுபடும் என்பதை யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். அமைச்சின் செயலாளர் ஒப்பமிடும் சுற்றறிக்கை அந்த வரிசையில் இல்லை. சுற்றறிக்கை உத்தியோகத்தரைக் கட்டுப்படுத்தும், பிள்ளைக்காம்பராவில் ஜெபிக்கிறவரைக் கட்டுப்படுத்தாது.

பதிவுச் சான்றிதழ் விஷயமும் இதே மாதிரிதான். கிறிஸ்தவ சபை ஒன்று வழிபடுவதற்கு முன் தன்னைப் பதிய வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் பாராளுமன்றச் சட்டம் ஏதும் இந்த நாட்டில் கிடையாது. கத்தோலிக்க ஆயர்களுக்கு 1906ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் அங்கிலிக்கன் சபையான இலங்கைத் திருச்சபைக்கு 1998ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டமும் இருக்கின்றன. அவை சொத்து வைத்திருக்கவும் வழக்காடவும் சட்ட ஆளுமை தருகிறவை. ஜெபிக்க அனுமதி தருகிறவை அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான், “உங்களுக்குப் பதிவு இருக்கா?” என்ற கேள்விக்கு முன்னால் எங்கள் ஆட்கள் தலை குனிகிறார்கள்.

கிராம உத்தியோகத்தர் முன்னிலையில் தெரிவு

ஐந்து கோரிக்கைகளில் என்னை அதிகம் உறுத்தியது நான்காவது. ஒரு சபையின் மூப்பரை யார் தெரிவுசெய்வது, எப்படித் தெரிவுசெய்வது என்பதை அரசு மேற்பார்வை செய்யலாமா?

இதற்கு ஒரு காலத்தில் நேரடியான பதில் எழுத்தில் இருந்தது. சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2) பிரிவின் நான்காவது உபபிரிவு, எந்த மத அமைப்பின் யாப்பையும் அதன் ஆளும் பீடத்தின் சம்மதமில்லாமல் மாற்றும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்றது. சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டு, அதாவது சட்ட ஆளுமை பெற்று, இருக்கும் அமைப்பாக இருந்தால், அந்தப் பீடமே கேட்டாலொழிய தொடக்கூடாது என்றும் சொன்னது. 1964இல் இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க வழக்கில், அப்போது இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், இந்த 29ஆம் பிரிவின் பாதுகாப்புகளை இலங்கைப் பிரஜைகளிடையே செய்துகொள்ளப்பட்ட உரிமைகளின் புனிதமான சமநிலை என்றே வருணித்தது. 1972 குடியரசு அரசியலமைப்பு 29ஐத் தூக்கி எறிந்தது. அந்த உபபிரிவும் சேர்ந்து போனது. 1978 அரசியலமைப்பில் அதற்கு ஈடான வரி கிடையாது.

மலையகத் தமிழருக்கு இந்த 29(2) பழகிய இலக்கம். 1948இல் பிரஜாவுரிமையும் 1949இல் வாக்குரிமையும் பறிபோனபோது, ருவன்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பில் பெயர் பதியக் கேட்டு நடந்த கோடக்கன் பிள்ளை வழக்கு இந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டுதான் பிரிவி கவுன்சில் வரை போனது. 1953இல் தோற்றது. சட்டத்தின் வார்த்தையில் இந்தியர் என்ற சொல் இல்லை, ஆகவே பாகுபாடு இல்லை என்ற மாதிரியான வாசிப்பு எங்கள் பாட்டன்மாரை நாடற்றவராக்கியது. காகிதத்தில் இருக்கும் பாதுகாப்பு எவ்வளவு மெல்லியது என்பதை நாங்கள் அப்போதே பார்த்துவிட்டோம். ஆனாலும் அந்தக் காகிதமும் இல்லாமல் போனபின் நிலைமை இன்னும் மோசம். இன்றைக்கு நான்காவது கோரிக்கைக்குப் பதில் எழுதும்போது, 14(1)(உ)இல் உள்ள “மற்றவர்களோடு சேர்ந்து” என்ற சொற்களில் இருந்தும், ஒருங்கு சேரும், சங்கம் அமைக்கும் உரிமைகளில் இருந்தும் பாதுகாப்பைச் சுற்றிவளைத்துக் கட்ட வேண்டியிருக்கிறது.

சபையை யார் ஆள்வது என்ற தகராறு இந்த மலைகளுக்குப் புதிதல்ல. 1876இல் கொழும்பின் புதிய பேராயராக வந்த கொப்பிள்ஸ்டன், தோட்டத் தொழிலாளரிடையே வேலை செய்த தமிழ்க் கூலி மிஷனை யார் மேற்பார்ப்பது என்ற சண்டையில் மிஷனரிமாரின் உரிமப் பத்திரங்களைப் பறித்தார். அப்போது பேராயருக்கும் குருமாருக்கும் அரசு பொது வருமானத்திலிருந்து சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. 1881இல் அந்தக் கொடுப்பனவை நிறுத்தத் தீர்மானித்தார்கள். அதன்பின் அங்கிலிக்கன் சபை தன் யாப்பைத் தானே எழுதிக்கொண்டது. அரசின் காசு போனபோது அரசின் கையும் போனது. அந்தச் சண்டையில் எந்தத் தொழிலாளியிடமும் யாரும் கருத்துக் கேட்கவில்லை என்பதையும் குறித்துவைக்கிறேன்.

பௌத்த சங்கத்தின் பக்கமும் இதே வலி உண்டு. 2016இல் பிக்குமாரின் கதிகாவத் எனப்படும் ஒழுக்கக்கோவைகளைப் பதிந்து சட்டவலு கொடுக்கும் ஒரு சட்டமூலம் வந்தபோது, பிக்குகளே எதிர்த்தார்கள், அது முன்னே போகவில்லை. விகாரையின் உள்விவகாரத்தில் அரசு கைவைக்கக்கூடாது என்று எண்ணும் பிக்குவும், சபையின் தெரிவில் கிராம உத்தியோகத்தர் உட்காரக்கூடாது என்று எண்ணும் மூப்பரும் கேட்பது ஒன்றைத்தான்.

மென்சிங்கன் சகோதரிகள்

சட்டம் எங்கள் பக்கம் என்று மட்டும் எழுதினால் அது நேர்மையாகாது. எதிர்ப்பக்கம் எடுத்துப் பேசக்கூடிய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. அதையும் சபையிடம் விளக்கினேன்.

மென்சிங்கன் திருச்சிலுவைக் கற்பிக்கும் சகோதரிகள் 1900 முதல் இந்த நாட்டில் பள்ளிக்கூடமும் நோயாளர் பராமரிப்பும் செய்து வருகிற கத்தோலிக்கத் துறவற சபையினர். 2003இல் தங்களைக் கூட்டிணைக்கும் சட்டமூலத்தைக் கொண்டுவந்தார்கள். தனியார் ஒருவர் ஆட்சேபித்தார். உயர் நீதிமன்றம், கிறிஸ்தவத்தைப் பரப்புவது அரசியலமைப்பு உறுதிசெய்யும் உரிமை அல்ல என்றும், அது பௌத்த சாசனத்தின் இருப்பையே பாதிக்கும் என்றும் தீர்மானித்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் 9ஆவது உறுப்புரையை நீதிமன்றம் அப்படி வாசித்தது. தங்களுக்கு அறிவித்தலும் வரவில்லை, தங்களைக் கேட்கவும் இல்லை என்று சகோதரிகள் ஐ.நா. மனித உரிமைகள் குழுவிடம் முறையிட்டார்கள்.

2005 ஒக்டோபரில் குழு முடிவு சொன்னது. பல மதங்களுக்குத் தம் நம்பிக்கையைப் பிறருக்குச் சொல்வதும் பிறருக்கு உதவுவதும் மதத்தின் மையமான பகுதி. அதைத் தடுத்தது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 18ஆவது உறுப்புரையை மீறியது. இதே போன்ற நோக்கங்களைக் கொண்ட மற்ற அமைப்புகளுக்குக் கூட்டிணைப்புக் கொடுத்துவிட்டு இவர்களுக்கு மறுத்தது அதே உடன்படிக்கையின் 26ஐ மீறிய பாகுபாடு. சகோதரிகள் வென்றார்கள். ஆனால் அடுத்த வருடமே சிங்கராசா வழக்கில், அந்தக் குழுவுக்கு முறையிட வழிவிட்ட நெறிமுறையில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜெனீவாவில் கிடைத்தது உள்ளூரில் செல்லாத காசாகிப் போனது.

என் கருத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன்: 2003 தீர்மானம் பிழையானது. 9ஆவது உறுப்புரை, பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கும் அதே வாக்கியத்திலேயே, எல்லா மதங்களுக்கும் 10ஆலும் 14(1)(உ)ஆலும் கொடுத்த உரிமைகளைக் காப்பாற்றிக்கொண்டு என்று சொல்கிறது. வாக்கியத்தின் ஒரு பாதியை வைத்து மறுபாதியை அடிக்க முடியாது. இருந்தாலும் எங்கள் விஷயத்துக்கு அந்தத் தீர்மானம் நேரடியாகப் பொருந்தவில்லை. சபை கூட்டிணைப்புக் கேட்கவில்லை. மதத்தைப் பரப்பும் உரிமை உண்டா இல்லையா என்ற வாதமும் எழவில்லை. ஏற்கெனவே நம்புகிறவர்கள் சேர்ந்து ஜெபிப்பதும் தம் மூப்பரைத் தாமே தெரிவுசெய்வதும்தான் இங்கே கேள்வி. ஆகவே பரப்புதல் என்ற சொல்லை எங்கள் முறைப்பாட்டில் ஓரிடத்திலும் நான் போடவில்லை. வேண்டுமென்றே தவிர்த்தேன்.

என்ன செய்தோம்

காலம்தான் முதல் எதிரி. அடிப்படை உரிமை மீறலுக்கு 126ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போவதானால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். பட்டியல் எழுதிய இரவு, அதற்குப் பின் இரண்டு முறை செயலகத்துக்குப் போய்ச் சமாதானம் பேசிய நாள்கள் என்று 19 நாளை நான் வீணாக்கியிருந்தேன். கொழும்பில் வழக்குப் போடச் சபையிடம் காசில்லை. ஆனால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் கணக்கெடுக்கப்படாது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. முறைப்பாட்டைக் கொடுத்த ரசீது மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடக்கிறது என்று காட்ட வேண்டும் என உயர் நீதிமன்றம் வற்புறுத்தியிருக்கிறது என்று ஒரு சட்டத்தரணி எச்சரித்தார். ஆகவே ஒவ்வொரு அழைப்புக் கடிதத்தையும் உறையோடு பத்திரப்படுத்தினோம்.

24ஆவது நாள் முறைப்பாட்டைக் கொடுத்தோம். மொழியையும் அதில் சேர்த்தேன். தமிழில் கடிதம் பெறும் உரிமை அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரையில் இருக்கிறது. சிங்களக் கடிதத்தைப் படிக்கத் தெரியாத ஒருவரிடம் கையளித்து, அதில் சொன்னதைச் செய்யவில்லை என்று குற்றம் பிடிக்க முடியாது.

நடுவில் பொலிஸும் வந்தது. சபை கூடினால் சமாதானக் குலைவு உண்டாகும் என்று யாரோ முறையிட்டிருந்தார்கள். குற்றவியல் நடவடிக்கைக் கோவையின் 81ஆம் பிரிவின் கீழ் நீதவானிடம் கொண்டுபோய்ப் பிணைமுறி எழுத வைப்போம் என்று போதகரிடம் சொன்னார்கள். நான் தண்டனைச் சட்டக்கோவையின் 291ஆம் பிரிவைத் தமிழில் எழுதிக் கொடுத்தனுப்பினேன். சட்டபூர்வமாக வழிபடும் கூட்டத்தைக் குழப்புகிறவர்தான் அதன்படி குற்றவாளி. போதகர் அந்தத் தாளைக் கொடுத்துவிட்டு, குரல் உயர்த்தாமல் திரும்பி வந்தார். அதன்பின் பொலிஸ் அழைக்கவில்லை.

ஆணைக்குழுவில் இரண்டு தரப்பையும் ஒரு மேசையில் உட்காரவைத்தார்கள். உத்தியோகத்தர் கெட்டவர் அல்ல. பொருளாளரின் முறைப்பாட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தவர், வேறொரு செயலகத்தில் பயன்படுத்திய கடிதத்தைப் பிரதி எடுத்துத் திகதியை மாற்றி அனுப்பியிருந்தார். எதிரே வந்து உட்கார்ந்த அந்த அம்மாவிடம், “நாங்க தகவல் மட்டும்தான் கேட்டோம்” என்று தமிழிலேயே சொன்னார். அம்மா, “அந்தத் தகவல நான் சாமிக்கிட்டயே இன்னும் சொல்லி முடிக்கல சேர்” என்றார். அன்றைக்கு ஒரு வழிக்கு வந்தார்கள். பட்டியலும் தெரிவும் கேட்கும் பகுதியை மீளப்பெறுவதாகவும், வழிபாட்டுக்குத் தடை இல்லை என்றும் செயலகம் தமிழில் எழுதிக் கொடுத்தது. கூரை வேலைக்குத் தோட்ட நிர்வாகத்தின் எழுத்து அனுமதியைப் பெற்றுக்கொள்ளும்படி அறிவுரை இருந்தது. அதை நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

உள்ளே இருந்த சண்டை அப்படி முடியவில்லை. பக்கத்து மெதடிஸ்த சபையின் முதிய போதகர் ஒருவரும் அங்கிலிக்கன் சபையின் ஒரு பெண் மூப்பரும் வந்து இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து தகரக் கணக்கைப் பார்த்தார்கள். காசு திருடப்படவில்லை, எழுதிவைக்கப்படவில்லை. போதகர் சபை முன்னால் மன்னிப்புக் கேட்டார். இப்போது ஒவ்வொரு மாதமும் வரவு செலவை அவர் மனைவி எழுதிப் பிள்ளைக்காம்பராக் கதவில் ஒட்டுகிறார். அப்படியிருந்தும் பதினொரு குடும்பத்தில் ஏழு திரும்பி வரவில்லை. அவர்கள் கீழ் லயத்தில் ஒரு வீட்டில் கூடுகிறார்கள். பொருளாளர் அங்கேதான் இருக்கிறார். அவர்களிடமும் யாரும் பட்டியல் கேட்கக்கூடாது என்று அந்தத் தமிழ்க் கடிதத்தின் பிரதி ஒன்றை அவரிடமும் கொடுத்து வைத்திருக்கிறேன்.

பிள்ளைக்காம்பராவுக்குத் திறப்பைத் தவிர இன்னும் ஒன்றும் இல்லை. எழுத்து அனுமதி கேட்டுத் தோட்ட நிர்வாகத்துக்கும் கம்பனியின் தலைமையகத்துக்கும் இரண்டு முறை எழுதினோம், பதிவுத் தபாலில். பதில் வரவில்லை. மூன்றாவது கடிதத்தை இந்த வாரம் எழுதுகிறேன்.